நான் வரும் வரைக்கும்

எனக்குச் சிங்களம் காதால் வந்தது, கண்ணால் வரவில்லை. புசல்லாவைப் பக்கம் நான் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் சிங்களத்துக்கு ஒரு பாடவேளை இருந்தது, வாத்தியார்தான் இல்லை. கண்டிக்கு வேலைக்கு வந்த பிறகு கடையிலும் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டுப் பேசப் பழகினேன். எழுத்துகளை பஸ் போர்டுகளைப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டேன். அதனால் ஊர்ப் பெயர் என்றால் தூரத்தில் பஸ் வரும்போதே வாசித்துவிடுவேன். மற்றச் சொற்களுக்கு எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாசிக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்து பேசினால் என்னைத் தமிழச்சி என்று யாரும் கண்டுபிடிப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

நான் வேலை செய்வது ஒரு சேனல் சென்டரில். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்மார் வேலை முடிந்ததும் வந்து தனியாக நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போகும் இடம். முன் கவுன்டரில் இரண்டு கதிரைகள். ஒன்றில் ஒரு சிங்களப் பிள்ளை, மற்றதில் நான். போனில் நம்பர் கொடுக்க வேண்டும், வருகிறவர்களை உட்கார வைக்க வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். டாக்டர் சொன்னது விளங்காமல் மருந்துத் துண்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நிற்கிறவர்களுக்கு அதைத் திரும்பவும் தமிழில் சொல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து வரும் அம்மாவுக்கு ஒரு தமிழ், அக்குறணையிலிருந்து வரும் உம்மாவுக்கு ஒரு தமிழ், பேராதனையில் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஒரு தமிழ். ஆறு வருஷமாக இதைச் செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனால் புருஷனோடு பேச எனக்கு எந்தத் தமிழும் மிச்சம் இருக்காது.

இதைத் தவிர இன்னொரு வேலையும் என் தலையில் இருந்தது. அது எந்தக் கடிதத்திலும் எழுதப்படாத வேலை. சென்டரை நடத்துகிற மேடம் சிங்களம்தான் பேசுவார். வேலை கேட்டு வரும் தமிழ்ப் பிள்ளைகளை அவர் நேர்முகம் பார்க்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். மேடத்தைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் கல்யாணத்துக்கு வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, ரசத்தையும் விடாமல் சாப்பிட்டுப் போனவர். ஆனால் எந்தப் பெண் வந்தாலும் அவர் ஒரு கேள்வியை மறக்காமல் கேட்பார்: கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகியிருந்தால் பிள்ளைக்கு யோசனை இருக்கிறதா. அதை அப்படியே கேட்க எனக்கு வாய் கூசும். “வீட்டுல விசேசம் ஏதும் இருக்காங்க?” என்று சிரித்துக்கொண்டு கேட்பேன். ஒரு தடவை ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தாள். நான் மேடத்திடம் இருக்கிறது போல என்றேன். அவளை எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் கதை விட மாட்டேன். நன்றாகத்தான் இறங்கியது.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து எனக்கு நாள் தள்ளிப் போனது. மூன்று மாசத்துக்கு யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா போனில் சொன்னார். அந்த மூன்று மாசம் அம்மாவுக்காக. அதற்குப் பிறகும் ஒன்றரை மாசம் நான் வாயைத் திறக்காமல் இருந்தது மேடத்துக்குப் பயந்து. தொளதொளவென்று பெரிய அளவு யூனிஃபோம் சட்டைகளைப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை முன்னுக்கு இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் அறையில் பிள்ளைப்பேற்று டாக்டர். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் எழுந்து இடம் பார்த்துக் கொடுப்பேன், “கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, முழுகாம இருக்கிறவங்க நிக்கிறாங்க” என்று மற்றவர்களை அதட்டுவேன். எனக்கோ குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கால் வீங்கியிருக்கும். வாந்தியை அடக்கிக்கொண்டு நம்பர் கூப்பிடுவேன்.

அங்கே வேலை செய்த வயசான சிங்கள நர்ஸ் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். இன்னும் மறைத்தால் உனக்குத்தான் கரைச்சல், போய்ச் சொல் என்றார். போய்ச் சொன்னேன். மேடம் எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்து முதுகைத் தடவினார். அது நடிப்பில்லை, அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு கையை எடுத்துவிட்டுச் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். எப்போது போகிறாய் என்று கேட்டார். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. நானாகவே இரண்டுக்கும் பதில் சொன்னேன்.

இரண்டு கிழமையில் ஆள் தேட ஆரம்பித்தார்கள். தமிழ் நோயாளிகள் பக்கத்துக்கு ஆள் என்பதால் தமிழ்ப் பிள்ளைதான் வேண்டும். தமிழ்ப் பிள்ளை என்பதால் நேர்முகத்துக்கு நானும் உட்கார வேண்டும். என் கதிரைக்கு ஆள் பார்க்கும் இடத்தில் நானே உட்கார்ந்து கேள்வி கேட்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மூன்றாவதாக வந்தவள் ஹுன்னஸ்கிரிய தோட்டத்துப் பிள்ளை. இருபத்து நாலு வயசு இருக்கும். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். சிங்களம் தட்டுத் தடுமாறிப் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. மேடத்துக்கு அவளைப் பிடித்துவிட்டது. என்னைக் கையால் காட்டி ஏதோ சொன்னார். நான் அவளைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்: “இந்த வேல எனக்காக. நான் வர்ற வரைக்கும் தான். அதுக்குப் பொறகு இருக்குமானு சொல்ல ஏலாது. சம்மதமா?”

“பரவாயில்லீங்க அக்கா. அனுபவமாச்சும் கெடைக்கும்ல” என்றாள்.

மேடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வழக்கம் போலச் சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “இப்ப ஒன்னும் இல்லீங்க” என்றாள். இல்லையாம் என்று மேடத்திடம் சொன்னேன். மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள்.

அவளுக்கு வேலை பழக்கியது நான்தான். ஒரே பெயரில் நாலு பேர் வந்தால் ஊரைச் சேர்த்துக் கூப்பிட வேண்டும், காது கேட்காத ஐயாவைப் பக்கத்தில் போய்த்தான் கூப்பிட வேண்டும், தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும் என்பதால் அவர்களுக்குப் பிந்திய நம்பர் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தடவை சொன்னால் போதும், மறுதடவை சொல்ல வைக்க மாட்டாள். நான் ஆறு வருஷத்தில் பழகியதை அவள் மூன்று கிழமையில் பிடித்துவிட்டாள் என்று வயிறெரிந்தேன். அவள் தெரியாமல் ஒரு பிழை விட்டால் மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது. அவளோ எனக்கென்று வீட்டிலிருந்து மாங்காய் அச்சாறு கொண்டு வருவாள், நான் குனியாமல் இருக்கக் கீழ்த்தட்டு ஃபைல்களை அவளே எடுத்துத் தருவாள். நல்ல பிள்ளைமேல் கோபப்படுவதற்குத் தனியாகத் தெம்பு வேண்டும். எனக்கு அந்தத் தெம்பும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும்போது பக்கத்தில் வந்து ஒரு கடிதத்தை நீட்டினாள்.

“மேடம் நேத்து குடுத்தாங்க. எல்லாம் சிங்களத்துல இருக்கு. வாசிச்சு சொல்லுங்க அக்கா.”

கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன். எழுத்துக்கூட்டி வாசித்தேன். முதலில் பிடிபட்டது ‘ஸ்திர’ என்ற சொல். அது தமிழிலும் அதுதான், நிரந்தரம். கண் பிழையோ என்று திரும்பவும் வாசித்தேன். முடியும் தேதி ஏதாவது போட்டிருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினேன், இல்லை. நடுவில் என் பெயர் இருந்தது. என் பெயருக்கு அடுத்து ‘வெனுவட்ட’ என்று இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். சிங்களத்தில் ‘வெனுவென்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஒருத்தருக்காக, அவர் சார்பில் என்று அர்த்தம். ‘வெனுவட்ட’ என்று இன்னொரு சொல். ஒருத்தருக்குப் பதிலாக, அவர் இடத்தில் வேறு ஆளை வைக்கிறது என்று அர்த்தம். காதுக்குக் கடைசிப் பகுதிதான் வித்தியாசம். நேர்முகத்தில் மேடம் என்னைக் காட்டிச் சொன்னது ‘வெனுவட்ட’. நான் கேட்டது ‘வெனுவென்’. ‘எனக்காக, நான் வர்ற வரைக்கும்’ என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னது நான். மேடம் அப்படிச் சொல்லவே இல்லை. காது பிசகியதா, மனசு அப்படிக் கேட்கச் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தமிழச்சி என்று கண்டுபிடிக்க முடியாத சிங்களம் பேசுகிறவளுக்கு இது தேவைதான்.

பிள்ளை உள்ளே உதைத்தது.

“என்னா போட்டிருக்கு அக்கா?”

“ஒன்ன வேலைக்கு எடுத்த கடிதம். வேல நேரம், லீவு, யூனிஃபோம் பத்தி எல்லாம் போட்டிருக்கு. பத்திரமா வச்சிக்க” என்றேன்.

நான் சொன்ன எல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்தது. ஒன்று கூடப் பொய் இல்லை. நிரந்தரம் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன்.

அன்றைக்குப் பொழுதுபட்டு வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னேன். அவர் ஒரு ஹார்ட்வெயார் கடையில் லொறி ஓட்டுகிறார். நீட்டிப் பேசுகிற ஆள் இல்லை.

“அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டீனா அவ அதப் புடிச்சிக்குவா. நீ வாய மூடிக்கிட்டு இரு. மேடத்துகிட்டயும் சண்டைக்குப் போயிறாத” என்றார்.

அது எனக்கு வசதியான புத்திமதி, அதனால் உடனே மண்டையில் ஏறிவிட்டது.

நர்ஸ்தான் லேபர் ஒபிஸுக்குப் போகச் சொன்னார். அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். மாடிப்படி ஏறி மேல்மூச்சு வாங்க, வாங்குப் பலகையில் ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கூப்பிட்ட சிங்கள அம்மாவும் என்னைப் போலவே களைத்துப் போயிருந்தார், மேசையில் ஆறிப்போன பிளேன்டீ. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே கேட்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். எண்பத்து நாலு நாள் லீவு உனக்குச் சட்டப்படி உண்டு. கிழமை லீவும் பௌர்ணமிப் போயா நாளும் அதில் சேராது. பிள்ளை பெறப் போகிறாய் என்பதற்காக உன்னை நிறுத்த முடியாது. அவர்கள் பத்துப் பேரை வேலைக்கு எடுக்கட்டும், அது அவர்கள் பாடு. உன்னை வராதே என்று சொல்ல முடியாது. லீவை எழுத்தில் கேள், திரும்பி வரும் தேதியையும் போடு, ஒரு நகல் எடுத்து அந்தக் கொப்பியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்.

“ஒன்றை மட்டும் செய்துவிடாதே” என்றார். “நானாக வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடாதே. அன்பாகக் கேட்பார்கள். எழுதிக் கொடுத்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.” இதை மூன்று தடவை சொன்னார். பலர் அன்பாகக் கேட்டதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து அந்த வாங்கில் அழுதிருக்க வேண்டும்.

கடைசியில், அந்தப் புதுப் பிள்ளையின் நியமனக் கடிதத்தில் ஒரு கொப்பி கொண்டு வர முடியுமா என்று கேட்டார். இருந்தால் உனக்கு நல்லது என்றார். என்னிடம் இல்லை என்றேன். அது அவள் பைக்குள் இருந்தது. கேட்டால் தருவாள். கேட்பதென்றால் அதில் என்ன இருக்கிறது என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

கேட்கவில்லை.

லீவுக் கடிதத்தை நர்ஸ் எழுதித் தந்தார். மேடம் அதை வாசித்தார், கொப்பியையும் பார்த்தார். முகம் சுருங்கிப் போனது. நம் இரண்டு பேருக்குள் எதற்கு இந்தக் கடதாசியெல்லாம், நான் உன்னை வேறு ஆளாகவா நினைத்தேன் என்றார். எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கொப்பியை நீட்டிக்கொண்டே நின்றேன். கையெழுத்துப் போட்டார். அந்தக் கொப்பியை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலுமாரியில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தேன்.

பெண் பிள்ளை பிறந்தாள். பேறு சுகமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பால் கொடுப்பதும் துணி அலசுவதும் எந்த நேரத்திலாவது கொஞ்சம் கண்ணை மூடுவதுமாகப் போனது. வேலை ஞாபகம் மட்டும் விடவில்லை. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை அந்தப் பிள்ளை போன் எடுப்பாள்.

“அக்கா, புசல்லாவையில இருந்து ஒரு அய்யா வருவாருல்ல, அவர எந்த டாக்டருக்குப் போடுறது?”

சொல்லுவேன். சொன்ன பிறகும் வைக்க மாட்டாள். பாப்பா எப்படி, பால் குடிக்கிறாளா, தூங்க விடுறாளா என்று கேட்பாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். நானும் பேசாமல் இருப்பேன். “சரிங்க அக்கா, வைக்கிறேன்” என்பாள். போகப் போகப் போன் குறைந்தது. கடைசி மாசம் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. இனி இவளுக்கு என் உதவி தேவையில்லை, கதிரையில் நன்றாக உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் போன் எடுத்ததை விட எடுக்காமல் விட்டதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

மேடம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். பிள்ளைக்குச் சட்டையும் சவர்க்காரமும் கொண்டு வந்தார். மடியில் வைத்துக் கொஞ்சினார். பிறகு, இந்தப் பச்சை மண்ணை விட்டுவிட்டு எப்படி வரப் போகிறாய், யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். மாமியார் வந்து நிற்கிறார் என்றேன். அது எத்தனை நாளைக்கு என்றார். ஒரு வருஷம் ஆறுதலாக வீட்டில் இரு, அதற்குப் பிறகு பார்ப்போம், இப்போதைக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடு, எங்கே போனாலும் வேலை கிடைக்கிற மாதிரி நல்ல சான்றிதழ் தருகிறேன் என்றார். குரலில் அவ்வளவு அன்பு. எனக்கு உடம்பெல்லாம் அசதி. ஒரு கணம், எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்துத் தூங்கினால் என்ன என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

“நான் வருகிறேன் மேடம்” என்றேன். அவர் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு எழுந்தார்.

திரும்பிப் போன நாளில் பழைய யூனிஃபோம் மார்பில் பூட்டவில்லை. சட்டை ஊசி குத்திக்கொண்டு போனேன். குண்டசாலையில் பஸ் ஏறும்போதே பால் கட்டத் தொடங்கிவிட்டது. சென்டருக்குள் நுழைந்தபோது என் கதிரையில் அவள் உட்கார்ந்து போனில் நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தாள். போனில் நம்பர் சொல்கிற அளவுக்கு அவள் சிங்களம் திருந்தியிருந்தது. நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நோயாளிகள் பக்கம் நின்றேன். மேடம் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

மேடம் என்னிடம் சிங்களத்தில் சொன்னார். தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு கதிரைதான் இருக்கிறது. இவளுக்கு ஸ்திர கடிதம் கொடுத்துவிட்டேன். நீ காலையில் மட்டும் வந்து ஃபைல் அறையில் இரு, முடியாவிட்டால் வீட்டில் இரு. நான் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். லேபர் ஒபிஸுக்குப் போனேன் என்றும், என் வேலைக்கே திரும்பி வந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். மேடம் குனிந்து தன் கையெழுத்தைப் பார்த்தார்.

“அப்போ அவளிடமே கேள்” என்றார். “அவள் கையிலும் என் கடிதம் இருக்கிறது. அவளையும் என்னால் வெளியே போகச் சொல்ல முடியாது. ஸ்திர கடிதம் இருக்கிறது, நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேள்.”

அந்த அறையில் என்னைத் தவிர மொழிபெயர்க்க ஆள் இல்லை. நான் அவள் பக்கம் திரும்பினேன். ஸ்திர என்ற சொல்லை மேடம் இரண்டு தடவை சொல்லியும் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. என்ன சொல்லுவது, எதை விடுவது என்று நான் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பேசினாள்.

“நீங்க வர்ற வரைக்கும்னு தானே அன்னைக்கே சொன்னீங்க அக்கா. நான் பேக் எல்லாம் எடுத்து வச்சிட்டேன். போறேன்.”

“என்ன சொல்கிறாள்?” என்றார் மேடம்.

“போகிறாளாம்” என்றேன்.

“ஏன்?”

“நான் வரும் வரைக்கும்தான் வந்தாளாம்.”

“அப்படி யார் சொன்னது?”

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி, போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

அவள் சிங்களப் பிள்ளையிடமும் நர்ஸிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். நான் என் கதிரையில் உட்கார்ந்தேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. கைக்குக் கிடைத்த ஃபைலோடு எழுந்து அவள் பின்னால் போனேன். பஸ் ஹோல்ட்டில் நின்றுகொண்டிருந்தாள். என் மார்பு நனைந்து ஊசிக்குப் பக்கத்தில் ஈரம் தெரிந்தது. ஃபைலை அணைத்துப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

“தங்கச்சி, அந்தக் கடிதத்துல…”

“ஸ்திரம்னு போட்டிருக்கு. தெரியும் அக்கா.”

“யாரு சொன்னா?”

“நீங்க வாசிச்ச அன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாத்து என்னமோ மாதிரி இருந்திச்சு. ஹுன்னஸ்கிரிய பஸ்ல பக்கத்துல ஒரு சிங்கள அம்மா இருந்தாங்க. அவங்ககிட்ட குடுத்தேன். வாசிச்சு சொன்னாங்க.”

அப்படியென்றால் ஏன் போகிறாய் என்று மட்டும் கேட்டேன்.

“தை மாசம் எனக்குக் கல்யாணம். ஒங்கள என்னா பாடு படுத்துறாங்கனு பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டு தானே இருந்தேன். நாளக்கி நானும் இவங்ககிட்ட தான் போய் முழுகாம இருக்கேன்னு சொல்லி நிக்கணும். வேணாங்க அக்கா. வேற எடத்துல பேசியிருக்கேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொல்லுவீங்கனு பாத்தேன்” என்றாள். “அதுக்குத் தான் போன் எடுத்தேன். அந்த அய்யாவ எந்த டாக்டருக்குப் போடுறதுனு எனக்குத் தெரியாதா அக்கா? நீங்க தானே பழக்கி விட்டீங்க.”

பஸ் வந்தது. “பாப்பாவப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு ஏறினாள். நான் ஃபைலை அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். கவுன்டரில் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள், இரண்டு போனும் அடித்துக்கொண்டிருந்தன. உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.

லேபர் ஒபிஸ் அம்மா சொன்ன சட்டம் என் பக்கம்தான் இருந்தது. அந்தக் கடிதத்தில் இருந்ததை நான் அவளுக்கு முழுசாக வாசித்துச் சொல்லியிருந்தாலும் அது என் பக்கம்தான் இருந்திருக்கும்.